காந்தம் இழுக்காத வளையம்

(ஆணிக்குப்பம் ஆயுத பூசை விழா மேடையில் இரும்புக்கடை வரதராஜன் ஆற்றிய உரை)

இரும்பினும் உறுதியான நெஞ்சோடும் இளநீரினும் இனிய சொல்லோடும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும், நம் ஊராட்சியின் மாஜி சர்பஞ்ச் ஜெயச்சந்திரன் அண்ணன் அவர்களே! மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளை மடிமேல் வைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடியலில் விசைத்தறியை ஓட்டி, வெயிலில் வேலை முடித்து, அந்தியில் அடுப்பையும் அணைத்துவிட்டு, அலுப்பை முகத்தில் காட்டாமல் வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பாகாலாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பந்துக்களே! நாயுடுபேட்டைக் கம்பெனியில் லீவு கேட்டு, லீவு கிடைக்காமல், காய்ச்சல் என்று போன் போட்டுவிட்டு வந்திருக்கும் கண்மணிகளே! பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் அனைவருக்கும் இந்த இரும்புக்கடை வரதராஜனின் பணிவான வணக்கம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அதோ, அரசமரத்தடியில், பக்கத்திலேயே நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறாரே, தங்கை பத்மாவதி. அம்மா, உனக்குத் தனியாக ஒரு வணக்கம். ஏன் தனியாக என்பது இந்த ஊருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

என்ன சுரேஷ்பாபு? “மைக்க கிட்ட வெச்சிக்கினு பேசு நைனா” என்கிறார். லாரி ஓட்டுகிறவர், ஹாரனுக்குப் பழகிய காது. வைத்துக்கொண்டேன். கேட்கிறதா? நல்லது. இன்றைக்கு நான் பேசுவதில் ஒரு சொல்கூட உங்கள் காதுக்கு எட்டாமல் போகக் கூடாது.

இதோ எனக்கு வலப்பக்கம், மேசைமேல் மஞ்சள் துணி விரித்து வைத்திருக்கிறோமே, இது நம் பொன்னியம்மனின் இரும்புச் சட்டை. முழுக்க வளையம். வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம் என்று கோத்துக் கோத்துச் செய்த கவசம். ஆண்டுக்கு ஒருநாள் அம்மன் இதை அணிந்து ஏழு தெரு வலம் வருவாள். இதன் இடது நெஞ்சருகே ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு வளையம் போகிற இடம். ஐந்து ஆண்டுகளாக அது அடைபடவில்லை. அடைபடாமல் செய்தவன் நான். இன்று மாலை அது அடைபடுமா, படாதா? என் பேச்சு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அலங்காரம். அலங்காரம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்பதை நீங்கள்தான் பொறுத்தருள வேண்டும்.

அவையோரே, உங்களை ஒன்று கேட்கிறேன். இரும்பு எங்கிருந்து வந்தது?

“உங்க கடையிலிருந்து” என்கிறார் ஒரு தம்பி. என் கடைக்கு எங்கிருந்து வந்தது? லாரியில் வந்தது. லாரிக்கு? ஆலையில் வந்தது. ஆலைக்கு? மண்ணில் வந்தது. மண்ணுக்கு? அங்கேதான் ஐயா, எனக்குத் தலை சுற்றும். மண்ணைச் சுட்டு இரும்பெடுக்கத் தெரியாத காலத்தில், உலகத்தின் எத்தனையோ இடங்களில் மனிதன் கையில் எடுத்த முதல் இரும்பு, வானத்திலிருந்து விழுந்த கல்லில் இருந்ததாம். விண்மீன்களின் வயிற்றில் வெந்த பொருளாம் இது. அதே பொருள்தான் உங்கள் உடம்பில் ஓடுகிற ரத்தத்திலும் இருக்கிறதாம். டாக்டரம்மா “இரும்புச்சத்து கம்மி” என்று சீட்டில் எழுதுகிறாரே, அவர் உங்கள் உடம்பில் விண்மீன் குறைந்துபோயிற்று என்றுதான் எழுதுகிறார். மாத்திரை விழுங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு என் கடைக்கு ஆள் வராது. வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருக்கும். கம்பிக்கட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் சாய்வேன். கண் பாதி மூடும். பாதி மூடிய கண்ணுக்குத்தான் பழங்காலம் தெரியும். செம்மண்ணால் செய்த இடுப்பளவு உலை. மேலே கரியும் கல்லும். கீழே ஆட்டுத்தோல் துருத்தி. அதை மிதிப்பது ஒரு பெண், முதுகில் பிள்ளை. துருத்தி மூச்சு விடுகிறது, பிள்ளையும் மூச்சு விடுகிறது. பொழுது சாய்கிறபோது உலையை உடைக்கிறார்கள். உள்ளே தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி, தகதகவென்று. அதை அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அழுக்கு தெறித்து ஓடுகிறது. அடி வாங்கியது எல்லாம் அழிந்துபோகும் என்பார்கள். அடி வாங்கி வாங்கி ஆளானது ஒன்று உண்டென்றால் அது இரும்பு! அதையே மூசை என்னும் மண்குவளையில் இட்டு மூடி, மூச்சு முட்ட வேகவைத்து எஃகாக்கி, கடல் கடந்தவன் கேட்டு வாங்கும்படி அனுப்பியது இந்தத் தென்னாடு. ஆண்டுக்கணக்கை அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். எனக்கு அந்தத் துருத்தி மிதித்த பெண்ணின் முகம் தெரிந்தால் போதும்.

இரும்பு வந்ததும் மனிதன் என்ன செய்தான்? ஏர் செய்தான், நல்லது. அரிவாள் செய்தான், அதுவும் நல்லது. அப்புறம் ஈட்டி செய்தான். ஈட்டி செய்த மறுநாளே அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நம்மிடம் ஈட்டி இருந்தால் எதிரியிடமும் இருக்குமே! அதனால் அதே இரும்பை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டான். குத்துவதற்கும் இரும்பு, குத்தாமல் இருப்பதற்கும் இரும்பு. கவசத்துக்கு நம் பழந்தமிழில் மெய்ம்மறை என்று ஒரு பெயர் உண்டு. உடம்பை மறைப்பது. எவ்வளவு அடக்கமான பெயர் பாருங்கள்!

இனி இந்தச் சட்டையின் கதை. எந்த அரசன், எந்தப் போர், எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். சந்திரகிரிக் கோட்டைக்குப் போன படை என்பார் ஒருவர். கோட்டையை விட்டு ஓடிவந்த படை என்பார் இன்னொருவர். நான் சொல்வது நம் ஊரில் வழிவழியாகச் சொல்வது. சரித்திரம் என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஜெயச்சந்திரன் அண்ணன் ஏற்கெனவே மூடிக்கொண்டார். அவரை எழுப்ப வேண்டாம்.

நடுப்பகல். நகரி மூக்குமலைப் பக்கமிருந்து ஒருவன் தனியாக வருகிறான். மேலே இந்தச் சட்டை. நடக்க நடக்கச் சலங் சலங் என்று சத்தம். நம் ஏரிக்கரைக்கு வந்தவன் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். குனிந்ததும் சட்டையின் பாரமெல்லாம் கழுத்துக்கு வந்து, ஆளைத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தது. உயிரைக் காக்கப் போட்ட சட்டை, ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடவில்லை! கழற்றிக் கரையில் போட்டான். குடித்தான். நிமிர்ந்தான். மாதக்கணக்காகக் காற்றே படாத மார்பில் ஏரிக்காற்று பட்டது. அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டான். ஆடு மேய்த்தவர்கள் ஓடிவந்து பார்த்தார்கள். “இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனி வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வெறும் மார்போடு வடக்கே நடந்து போனான். அவன் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

சட்டையின் இடது நெஞ்சருகே ஈட்டி கிழித்த இடம் இருந்தது. நம் முன்னோர் உடைந்த ஏர்க்கொழுவிலிருந்து வளையம் செய்து அதை அடைத்தார்கள். அம்மனுக்குச் சாத்தினார்கள். ஆனால் இரும்புக்குத் துரு ஒரு நிழல், விட்டுப் போகாது. இங்கே ஒரு வளையம் இற்று விழும். அங்கே ஒரு வளையம் இற்று விழும். விழுந்த இடத்தில் ஒரு வீட்டின் வளையம் ஏறும். துரு ஒரு பக்கம் தின்றுகொண்டே இருக்கிறது, நாம் ஒரு பக்கம் பின்னிக்கொண்டே இருக்கிறோம். அந்த வீரன் போட்ட வளையங்கள் இன்று இதில் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் நாம்! போருக்குப் பிறந்த சட்டை, நம் ஊராகவே மாறிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காக முறையைச் சொல்கிறேன். இந்த ஊரில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் வீடு ஒவ்வொன்றும் ஓர் ஆயுத பூசையன்று ஒரு வளையம் தர வேண்டும். கடையில் வாங்கிய புதுக்கம்பி ஆகாது. இதனால் எனக்கு ஒரு பைசா வியாபாரம் இல்லை. அந்த வீட்டுக்காக வேலை செய்து, ஓய்ந்துபோன இரும்பாக இருக்க வேண்டும். ஜெயச்சந்திரன் அண்ணன் வீட்டு வளையம் ஒடிந்த அரிவாளில் வந்தது. அலர்மேல்மங்கை அக்கா வீட்டு வளையம் இருபது வருஷம் தோசை திருப்பிய கரண்டியில் வந்தது. சுரேஷ்பாபுவுடையது லாரியின் பிரேக் ஸ்பிரிங். என்னுடையது என் முதல் தராசின் கொக்கி. வளையத்தை அந்த வீட்டார்தான் தம் கையால் மூட வேண்டும். ஆனால் தனியாக மூட முடியாது. ஒரு வளையம் நான்கு வளையங்களைப் பிடிக்கும் ஐயா. அந்த நான்கு வீட்டாரும் வந்து, தத்தம் வளையத்தை விரலால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான்கில் ஒரு விரல் விலகினால் வளையம் ஏறாது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் விலகிய விரல் இது. இதோ, இந்த விரல்.

பத்மாவதி குடிபாலாவிலிருந்து வந்தவள். கணவர் சண்முகம் நாயுடுபேட்டையில் ஆலை வேலை, வாரம் ஒருமுறை வருவார். இவள் இங்கே தறி ஓட்டுகிறாள். வந்த முதல் ஆண்டு வளையம் கேட்டோம். “எங்க வூட்ல இன்னும் எதுவும் ஓயலண்ணா” என்று சிரித்தாள். அப்புறம் ஒருநாள் தறிக்கூடத்தில் சிந்திக்கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தாள். முழங்கை நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்ததும் தறிக்குத் திரும்பிவிட்டாள். பதினான்கு மாதம், கைக்குள்ளே கம்பியோடு தறி ஓட்டினாள், தண்ணீர் தூக்கினாள், பிள்ளையைத் தூக்கினாள். எலும்பு கூடிய பிறகு கம்பியை எடுத்து, ஒரு சின்னக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்தாள். அந்த ஆயுத பூசைக்கு, இதே மேடைக்கு, இதே படியேறி வந்தாள்.

அன்று என் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருந்தது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதற்கு முந்தின ஆண்டு யாரோ அலுமினியத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதற்காக நானாக ஏற்படுத்திய சோதனை அது. முன்னோர் யாரும் சொல்லாத விதி. பத்மாவதியின் வளையத்தில் வைத்தேன். ஒட்டவில்லை. வளையம் நழுவிக் கீழே விழுந்தது. உடனே என் நாக்குக்கு இறக்கை முளைத்துவிட்டது. இதே மைக்கில் சொன்னேன்: “காந்தம் கைவிட்டதைக் காவல்தெய்வம் கைக்கொள்ளுமா? துருவேறாதது இரும்பாகுமா? எவர்சில்வர் தூக்குச்சட்டியா நம் தாய்க்குத் துகில்?”

கைதட்டினீர்கள். விசில் அடித்தீர்கள். அந்தச் சத்தத்தில் நான் ஒரு முழம் வளர்ந்துவிட்டேன். அவள் குனிந்து வளையத்தைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். “இது என் கைக்குள்ள பதினாலு மாசம் வேல செஞ்ச இரும்பு அண்ணா” என்றாள். “அடுத்த வருஷம் வேறு கொண்டு வா அம்மா” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “வேற இல்ல. எங்க வூட்டு இரும்பு இதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த ஆண்டு பெயர் கூப்பிட்டோம். எழுந்தாள். “எங்க வூட்டு இரும்பு இதான்.” அதற்கடுத்த ஆண்டும் கூப்பிட்டோம். “எங்க வூட்டு இரும்பு இதான்.” அதே நாலு சொல். அழுததில்லை, சண்டை போட்டதில்லை, விழாவுக்கு வராமல் இருந்ததும் இல்லை. வந்தாள். ஆனால் இந்தக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. பிடிவாதம் யாருக்கு என்று இப்போது கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருஷம் நம் பிள்ளைகளெல்லாம் வரிசையில் வந்து, அவரவர் வீட்டு வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பத்மாவதியின் மகள் சுஷ்மிதாவும் வந்தாள். அவள் தொட என்ன இருக்கிறது? சுண்டுவிரலை அந்த ஓட்டைக்குள் விட்டாள். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இன்னா கண்ணு பண்ற?” என்று கேட்டேன். “இது எங்க வூட்டு எடம் தாத்தா” என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை, மேடையில் பொய் சொல்லக் கூடாது. சோறு இறங்கியது. ருசிக்கவில்லை. பாவமாக இருந்ததே தவிர, நான் சொன்னது தப்பு என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக இரும்பு விற்கிறவன், எனக்கா இரும்பு தெரியாது?

போன மாதம் சட்டையில் துரு அதிகமாகிவிட்டது. பரிசோதித்து வரும்படி சட்டையைக் கோணிப்பையில் கட்டி என்னிடம் கொடுத்துத் திருப்பதிக்கு அனுப்பினீர்கள். அங்கே உலோகச் சோதனைக்கூடம் ஒன்றில் ஜெயச்சந்திரன் அண்ணனின் தங்கை மகள் காவ்யா வேலை செய்கிறாள். எதில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டுகிற, துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறாள். அதை ஒவ்வொரு வளையத்திலும் வைத்துப் பார்த்தாள். “மாமா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. எல்லாமே வேற வேற இரும்பு. எப்படி சேர்ந்து நிக்குது?” என்று ஆச்சரியப்பட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவி ருக்மணி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைத் திறந்துவைத்துத் துன்னுக்கொண்டே... பாருங்கள், ஊர்ப்பேச்சு வந்துவிட்டது... தின்றுகொண்டே என் காந்தச் சோதனைப் பெருமையை அவளிடம் அவிழ்த்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “அந்தக் காந்தத்த உங்க எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல வையுங்க” என்றாள். வைத்தேன். ஒட்டவில்லை. “இப்ப பாருங்க” என்று தன் கருவியை டிபன் பாக்ஸில் வைத்தாள். “நூத்துக்கு எழுபது பங்கு இரும்பு மாமா. மிச்சம் குரோமியம், நிக்கல். அந்தே, அவ்ளோதான். நீங்க தெனம் இரும்புல தான் துன்னுக்கினு இருக்கீங்க.”

“அப்ப காந்தம்?” என்று கேட்டேன்.

“அதுக்கு இதப் புடிக்கத் தெரியல. அது காந்தத்தோட கொற மாமா, இரும்போட கொற இல்ல. கைக்குள்ள வெக்கற கம்பியும் இந்த ரகம்தான். இன்னும் கொஞ்சம் ஒசத்தி.”

நாற்பது வருஷம் இரும்பு விற்றவன், கல்யாணமான நாள்முதல் இரும்பில் தின்றவன், இரும்பைப் பார்த்து நீ இரும்பில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் எதுகை மோனையோடு சொல்லியிருக்கிறேன்!

மாலை பஸ்ஸில் திரும்பினேன். மடியில் கோணிப்பை, அதன்மேல் காலி டிபன் பாக்ஸ். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் வெயில், மாந்தோப்பு, மலை. கண் பாதி மூடியது. பார்க்கிறேன், பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒருவன் நடந்து வருகிறான். வெறும் மார்பு. பஸ் அறுபதில் போகிறது, அவன் ஆற அமர நடக்கிறான், இரண்டும் ஒன்றாகவே போகின்றன. கனவில் அப்படித்தான்.

“சட்டை பத்திரமா?” என்றான்.

“பத்திரம் ஐயா. ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.”

“நெஞ்சுக்கு நேரே ஓர் ஓட்டை இருந்ததே?”

எங்கள் ஊர்க்காரர்கள் அன்றே அடைத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஈட்டி திறந்த இடத்தை ஊர் அடைத்தது. துரு அதைத் தின்றது. மறுபடி அடைக்க வந்தவளை நான் தடுத்தேன். அந்த இடம் அதே இடம் ஐயா, அவன் நெஞ்சுக்கு நேரான அதே இடம்! அவன் மார்பைத் தடவிக்கொண்டே பின்தங்கிவிட்டான். “நகரி, நகரி! திகண்டி, திகண்டி!” என்று இறங்கச் சொல்லிக் கண்டக்டர் தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன்.

மறுநாள் காலை பத்மாவதி வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே நான் செய்த தப்பைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் தறியை நிறுத்தினாள்.

“சரிண்ணா. இத எங்கிட்ட ஏன் வந்து சொல்ற?” என்றாள். “நீ மைக்ல சொன்ன. ஊரு கேட்டுது. எம்பொண்ணு கேட்டுது. மைக்ல சொன்னத மைக்ல தான் திருப்பி எடுக்கணும்.”

“எடுத்தா வளையம் கொண்டாருவியா அம்மா?”

“நீ பேசு. அப்பறம் பாக்கலாம்.” தறியை ஓட்டிவிட்டாள்.

அதனால்தான் ஐயா இந்தப் பேச்சு. இந்த ஆண்டு சிறப்புரைக்குத் திருத்தணியிலிருந்து ஒருவரை அழைக்கலாம் என்றார்கள். வேண்டாம், நானே பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

தலைவர் அவர்களே! சபையோரே! ஐந்து ஆண்டுகளுக்கு முன் இந்த மைக்கில் நான் சொன்ன மூன்றையும் இந்த மைக்கிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். காந்தம் கைவிட்டதைக் காவல்தெய்வம் கைக்கொள்ளுமா என்றேன். அம்மன் காந்தம் கேட்டதே இல்லை, கேட்டது என் கர்வம். துருவேறாதது இரும்பாகுமா என்றேன். ஆகும். எவர்சில்வர் தூக்குச்சட்டியா நம் தாய்க்குத் துகில் என்றேன். அது சட்டியில்லை, ஒரு தாயின் கை.

இன்னும் கேளுங்கள். கவசம் என்பது என்ன? போருக்குப் போனவன் இரும்பை மேலே போட்டான். தறிக்குப் போனவள் இரும்பை உள்ளே போட்டாள். அவன் சட்டை ஈட்டியைத் தாங்கியது. இவள் கம்பி குடும்பத்தைத் தாங்கியது. அவனுக்குப் போர் முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் காற்று வாங்க ஓர் ஏரிக்கரை இருந்தது. இவளுக்கு எந்த ஏரிக்கரை இருந்தது? பதினான்கு மாதம் கழற்றாத கவசம் எந்த வீரன் போட்டான்? எந்தப் படையில் போட்டான்? எந்தக் கோட்டையில் போட்டான்? வேலை செய்து ஓய்ந்த இரும்பு என்று விதி வைத்த முன்னோர் இன்று இங்கே இருந்திருந்தால், முதலில் எழுந்து நிற்பது யாருக்காக? துருத்தி மிதித்த அந்தப் பெண் இருந்திருந்தால், முதலில் ஓடிவந்து பிடிப்பது யார் கையை?

“பேசனது போதும் வரதராஜா, அந்தப் பொண்ண கூப்புடு!” அலர்மேல்மங்கை அக்காவின் கட்டளை. இதோ, கூப்பிடுகிறேன்.

நால்வரும் மேடைக்கு வாருங்கள். ஜெயச்சந்திரன் அண்ணா, எழுந்திருங்கள். அக்கா, பார்த்து ஏறுங்கள். சுரேஷ்பாபு, செருப்பைக் கழற்றிவிட்டு வாப்பா. நான்காவது நான். அவரவர் வளையத்தை அவரவர் விரலால் பிடித்துக்கொண்டோம். நான்கு விரலுக்கும் நடுவில் அந்த ஓட்டை தெரிகிறது.

தங்கை பத்மாவதி! உன் வீட்டு வளையம் எங்கே அம்மா?

தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். அவள் வராமலும் இருக்கலாம். வராவிட்டால் அதுவும் நியாயம்.

வருகிறாள். சுஷ்மிதா கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். வழி விடுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். மேடை ஏறிவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். வளையம், அதே வளையம். ஐந்து ஆண்டில் ஒரு பொட்டு மங்கவில்லை.

என்ன அம்மா? காந்தமா? இருக்கிறது. இன்றைக்கும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இன்னொரு முறை வைத்துக் காட்டச் சொல்கிறாள். வேண்டாம் அம்மா... சரி. வைக்கிறேன்.

ஒட்டவில்லை. கீழே விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டாள். மைக் வேண்டுமாம், இதோ. “எல்லாரும் பாத்துக்குங்க. இது ஒட்டாது. ஒட்டாதுன்னு தெரிஞ்சே தான் போடறேன்.” கேட்டீர்களா? நான் நாற்பது நிமிடம் பேசியதை அவள் ஒரு மூச்சில் பேசிவிட்டாள்.

கோக்கிறாள். அண்ணன் வளையத்தில் நுழைந்தது. அக்கா வளையத்தில். சுரேஷ்பாபு வளையத்தில். என் தராசுக் கொக்கியில்... “ஆடாம புடிண்ணா” என்கிறாள். பிடித்துக்கொண்டேன். குறடு வைத்து அழுத்துகிறாள். அந்த முழங்கைதான், அதே கைதான். இன்னும் ஓர் அழுத்து. மூடிவிட்டது!

இப்போது தட்டுங்கள்! எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள்!

பொறுங்கள், பொறுங்கள். என் கையிலிருந்த காந்தத்தைச் சுஷ்மிதா பிடுங்கிக்கொண்டாள். சட்டைமேல் வைக்கிறாள், அவர்கள் வீட்டு வளையத்துக்குப் பக்கத்தில். தூக்குகிறாள். அரிவாள் வளையம் எழும்புகிறது. கரண்டி வளையம் எழும்புகிறது. ஸ்பிரிங், கொக்கி எல்லாம் எழும்புகின்றன. நடுவில், காந்தத்தை எட்டிக்கூடப் பார்க்காத அந்த வளையமும் கூடவே எழும்பி வருகிறது. தானாக வரவில்லை ஐயா. நான்கு வீடு தூக்கிக்கொண்டு வருகிறது.

எனக்கு இதற்குமேல் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறை. தலைமை தாங்கிய அண்ணனுக்கும், விரல் கொடுத்த மூன்று வீட்டாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. திருப்பதியில் இருக்கும் காவ்யாவுக்கும் இங்கிருந்தே நன்றி. இனி நம் அம்மன் முழுச் சட்டையோடு புறப்படட்டும்.

பத்மாவதி, அரசமரத்தடியில் அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது அம்மா.

போகிறாள். முந்தானையால் தூசு தட்டுகிறாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் அனைவருக்கும் வணக்கம்.